புழுதியில் கிடந்த சோளம்

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் போன் வந்தது. பேசியவர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண் வனக்காப்பாளர். என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். "ஐயா, எங்க பீட்டுக் காட்டுல நாலு மயில் செத்துக் கிடக்கு. கேஸ் எழுதணும். மொதல்ல என்ன செய்யணும்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"இப்ப என்ன மாசம்னு பாரும்மா" என்றேன்.

செப்டம்பர் என்றார். "தமிழ் மாசம் கேக்கறேன்" என்றேன். கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று அந்தப் பெண் நினைத்திருந்தால் தப்பில்லை. பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டு, "புரட்டாசி ஐயா" என்றார். அதற்கு மேல் என்னென்ன பார்க்க வேண்டும், எங்கே தோண்டிப் பார்க்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் மாதத்தை ஏன் கேட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவன். ஆற்றில் தண்ணீர் வந்து, அது வாய்க்காலில் இறங்கி, வயல் நனைந்த பிறகுதான் எங்கள் ஊரில் ஒருவன் விதைக்கூடையைத் தொடுவான். எண்பதுகளின் நடுவில் வனத்துறையில் வேலை கிடைத்தது. பயிற்சியில் தேக்கை அளக்கவும், சந்தனக் கட்டையை வாசனையால் கண்டுபிடிக்கவும், யானையைக் கண்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றும் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு யானை கனவில்கூட வராத திருச்சுழிப் பக்கத்துக் காப்புக்காட்டுக்கு ஒரு தை மாதத்தில் என்னைக் கார்டாக, அதாவது வனக்காப்பாளராக, அனுப்பினார்கள்.

காடு என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருந்தது. குடை விரித்தது போல உடைமரங்கள், இடையில் விடத்தலை, சூரை முள், சப்பாத்திக் கள்ளி. முதல் வாரத்திலேயே யூனிபார்ம் சட்டை மூன்று இடத்தில் கிழிந்தது. இந்த முள்ளைக் காவல் காக்க ஒரு ஆளா என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். அந்தக் காட்டில் மயிலும் கவுதாரியும் முயலும் நரியும் உடும்பும் எத்தனை இருந்தன என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ரேஞ்சர் பெயர் தேவசகாயம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். நாங்கள் கொண்டுபோகும் அறிக்கையை நின்றுகொண்டேதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் தூக்கம் வரும்படி எழுதுகிறோமாம். கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். கவுதாரிக்குக் கண்ணி வைத்த ஒருவனைப் பற்றி ஒரு முறை "கொடூரமான முறையில்" என்று எழுதியிருந்தேன். அந்த வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, "கொடூரம் எத்தன அடி நீளம் இருந்தது?" என்று கேட்டார். "அளக்க முடியாதத எழுதாத. கண்டத எழுது. நெனச்சத வீட்டுல போயி நெனச்சுக்க" என்றார்.

பருவக் குறிப்பேடு எழுதச் சொன்னதும் அவர்தான். எந்த மாதம் எது பூக்கிறது, எது காய்க்கிறது, எந்தப் பறவை வருகிறது, எது முட்டையிடுகிறது என்று நாள் தவறாமல் அதில் எழுத வேண்டும். அதை எழுதப் போய்த்தான் முத்திருளாண்டி பழக்கமானார். காட்டின் கிழக்கு எல்லையை ஒட்டி அவருக்கு இரண்டு ஏக்கர் கரிசல் புஞ்சை இருந்தது. என் வயதுதான் அவருக்கும் இருக்கும். முதல் நாள் நான் ஆவாரைச் செடியின் முன்னால் நின்று மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என்ன சார் எழுதுறீக?"

"ஆவாரை பூத்திருக்கு."

"இத எழுதவா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது? தை மாசம் ஆவரம்பூ பூக்காம நானா பூப்பேன்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் மறு வாரமும் அவரிடம்தான் போய் நின்றேன். மாசியில் சூரைப்பழம் பழுக்கும், நரி அதைத் தின்றுவிட்டு எங்கே கொட்டை கொட்டையாகக் கழித்து வைத்திருக்கும் என்று காட்டினார். பங்குனியில் சோளக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வடக்கே கிளம்புவதைக் காட்டி, "கடன்காரன் மாதிரி வருவாக, சொல்லாமக் கொள்ளாமப் போயிருவாக" என்றார். சித்திரையில் கோடை மழை பெய்து உழுதபோது புஞ்சையின் நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு உழாமல் விட்டிருந்தார். போய்ப் பார்த்தால் ஆட்காட்டியின் நாலு முட்டைகள், மண்ணின் நிறத்திலேயே. "கொத்த வருது சார், நமக்கெதுக்கு வம்பு" என்று சொன்னாரே தவிர, அந்தக் குஞ்சுகள் பொரிந்து ஓடும் வரை அந்தப் பக்கம் மாட்டைத் திருப்பவில்லை. ஆடிக் காற்றில் மயில் பெட்டைகள் குஞ்சுகளோடு திரிந்தன. ஆவணியில் ஆண் மயில்கள் தோகை உதிர்த்துவிட்டு, கடன் கேட்க வந்தவனைப் போல் கூனிக்குறுகிப் புதருக்குள் ஒளிந்தன. இப்படி எட்டு மாதப் பக்கங்கள் நிரம்பின. கையெழுத்து என்னுடையது, விஷயம் முக்கால்வாசி அவருடையது.

புரட்டாசி பிறந்ததும் எனக்கு மஞ்சள் காமாலை. ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்த மறுநாள் காலை கிழக்கு எல்லையில் நடந்துகொண்டிருந்தேன். உடைமரத்தடியில் ஒரு பெட்டை மயில் கிடந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று. அதைச் சுற்றி வளர்ந்த குஞ்சுகள் ஐந்து. சூரைப் புதருக்குள் தோகையில்லாத ஆண் ஒன்று. மூன்றாவது பெட்டைக்கு உயிர் இருந்தது. கழுத்து பின்னால் வளைந்து, அலகு திறந்து, வாயில் நுரை தள்ளியது. தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மடியிலேயே செத்தது. ஆடியில் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு நடந்த அதே பெட்டையாகத்தான் இருக்க வேண்டும். நான் அழுதேன்.

மயிலின் காலடித் தடங்கள் நேராக முத்திருளாண்டியின் புஞ்சைக்குப் போயின. ஓரத்தில் சிறு சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் சோளம் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியது. மருந்து நெடி குப்பென்று அடித்தது. புஞ்சையில் இருந்த சிறு குடிசைக்குள் போய்ப் பார்த்தேன். பாதி தீர்ந்த மருந்துப் பொட்டலம் ஒன்று கூரையில் செருகியிருந்தது.

முத்திருளாண்டியை ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வந்தவர் செத்த மயில்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யார் வச்சது இத?" என்றேன்.

"வைக்கல சார், வெதச்சது. எறும்பு தூக்கிட்டுப் போயிரும்னு பொடியக் கலந்து வெதச்சேன். இதுக தோண்டித் திங்கும்னு நெனைக்கல சார்."

"மழை எங்கய்யா?"

"மழ இனிமேத்தான சார் வரும்."

"மழை பெய்யாம எவன்யா வெதப்பான்? என்னையக் கேணப்பயன்னு நெனச்சியா?" அதுவரை அவரை 'நீங்க' என்றுதான் பேசியிருந்தேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் முன்னால் வந்து, "புழுதி வெதப்பு சார்..." என்று ஆரம்பித்தார்கள். கேஸ் என்றால் ஊரே ஒன்றாகச் சேர்ந்துகொண்டு பொய் சொல்லும் என்று பயிற்சியில் எச்சரித்திருந்தார்கள். "தள்ளி நில்லுங்க" என்று விரட்டினேன்.

பிறகு, சம்பவ இடத்தில் கண்டதைப் பதியும் மகஜரை எழுத உட்கார்ந்தேன். ரேஞ்சர் சொல்லிக் கொடுத்தபடி ஒன்று விடாமல் செய்தேன். நான்கு எல்லைகளையும் குறித்தேன். உடல்களைச் சாக்கின் மேல் வரிசையாகக் கிடத்தி, அலகிலிருந்து வால் வரை ஒவ்வொன்றையும் அளந்தேன். கால்நடை மருத்துவர் வந்து அறுத்து, இரைப்பையில் இருந்த சோளத்தைப் புட்டியில் போட்டுக் கொடுத்தார். துணி கட்டி, அரக்கு உருக்கி, முத்திரை வைத்தேன். குழிகளில் கிடந்த தானியத்தைத் தனிப் பொட்டலமாகக் கட்டினேன். உள்ளூர்க்காரர் கையெழுத்துப் போட மாட்டார் என்பதால், எங்கள் வழக்கப்படி திருச்சுழி பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரரையும் ஒரு சைக்கிள் கடைக்காரரையும் சாட்சிக்குக் கூட்டி வந்தோம். உழுது விதைத்துப் பழகிய ஒருவரைக் கூட்டி வந்திருந்தால் அங்கேயே சிரித்திருப்பார். "மழை பெய்யாத, காய்ந்த நிலத்தில், குழிகளில் மருந்து கலந்த சோளம் போடப்பட்டிருந்தது" என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் கண்டதுதான். "போடப்பட்டிருந்தது" என்ற ஒன்றைத் தவிர.

ரேஞ்சர் நின்றுகொண்டு படித்தார். சிவப்புப் பென்சில் காகிதத்தைத் தொடவே இல்லை. "நல்லா எழுதியிருக்க" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. முத்திருளாண்டியை அருப்புக்கோட்டையில் கோர்ட்டில் நிறுத்தினோம். அங்கிருந்து மதுரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். மாவட்ட அதிகாரியிடமிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

ஐப்பசி பாதியில் மழை இறங்கியது. மூன்று நாள் விடாமல் அடித்தது. கரிசல் மண் காலைக் கவ்வியது. காட்டில் வெல்வெட் போன்ற சிவப்புப் பட்டுப்பூச்சிகள் ஊர்ந்தன, வேலியில் காந்தள் கொடி தலை தூக்கியது. இதையெல்லாம் எழுதிக்கொள்ளக் குறிப்பேட்டோடு போனவன் ஒரு வாரம் கழித்துக் கிழக்கு எல்லைக்கு வந்தேன்.

புஞ்சை முழுக்கச் சோளம் முளைத்திருந்தது.

உழவு சால் போன வழியெல்லாம் வரிசை வரிசையாக, ஒரு விரல் உயரத்துக்குப் பச்சை. ஓரத்தில் மயில் தோண்டிய இடங்கள் மட்டும் மொட்டையாக இருந்தன. வரப்பில் நின்றுகொண்டே இருந்தேன். குனிந்து ஒரு முளையைத் தொட்டேன். மண்ணைக் கிளறினேன், இரண்டு அங்குல ஆழத்தில் வித்து வேர் விட்டிருந்தது. சுற்றியிருந்த புஞ்சைகளிலும் அதே பச்சை. எல்லோரும் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்து வைத்திருக்கிறார்கள். விதைத்த புழுதிக்கும் விதைக்காத புழுதிக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பெய்யும் முதல் மழையில் ஒரு சொட்டுகூட வீணாகக்கூடாது என்பதற்காக இந்த ஊரில் காலங்காலமாகச் செய்கிற விதைப்பு அது. ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கும், குளத்துப் பாசனம் பார்த்து வளர்ந்த ரேஞ்சருக்கும் அது தெரியாமல் போயிற்று. ஒரு விரலால் மண்ணைக் கிளறியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மகஜரில் மயிலின் நீளத்தை எழுதிய நான் மண்ணுக்குள் ஒரு விரல் ஆழம் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ரேஞ்சரிடம் போனேன். சொல்லி முடித்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "அன்னிக்குக் கண்டத எழுதின. இன்னிக்குக் கண்டதையும் எழுதி மாவட்ட ஆபீசுல குடுத்துரு. எம் பேரையும் சேர்த்து எழுது. நானும்தான் கேக்கல" என்றார்.

எழுதினேன். ஒரு பக்கம். நான் எழுதியதிலேயே நல்ல அறிக்கை அதுதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் கொடுக்கவில்லை. என் வேலை நிரந்தரமாகும் ஆணை வர இரண்டு மாதம்தான் இருந்தது. பாராட்டுக் கடிதம் வாங்கிய கேஸே பொய்க் கேஸ் என்று நானே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். ஆணை கைக்கு வந்ததும் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். அதற்குள் ரேஞ்சருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஜீப்பில் ஏறும்போது, "எழுதிட்டியா?" என்று கேட்டார். "எழுதிட்டேன் சார்" என்றேன். அது பொய்யில்லை. அவர் என்னை நம்பித்தான் வண்டி ஏறினார்.

ஆணை வந்தது. அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை. இவ்வளவு நாள் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்களே என்பது புதுக் காரணம். ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் கிடைத்தது. முத்திருளாண்டி ஜாமீனில் வந்தார். வாய்தா மேல் வாய்தாவாக வருடங்கள் போயின.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் விசாரணை நடந்தது. நான் கூண்டில் ஏறியபோது முத்திருளாண்டி எதிரே நின்றார். என்னைப் பார்த்து வணக்கம்கூட வைத்தார். அவருடைய வக்கீல் எழுந்து, "அது விதைத்த புஞ்சைதானே?" என்று கேட்டார்.

"சம்பவ நாளில் விதைத்ததாகத் தெரியவில்லை."

"சரி. பிறகு?" என்று நிறுத்தி, என்னையே பார்த்தார். ஏதோ ஒன்றை எதிர்பார்த்து நிற்பது போல நின்றார்.

"மகஜரில் எழுதியதுதான் எனக்குத் தெரியும்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதற்குள் ஒரு மனிதனின் பெயர் போய்விட்டது. முத்திருளாண்டியின் முகத்தைப் பார்க்காமல் கூண்டைவிட்டு இறங்கினேன். அவர் தரப்பில் சாட்சி என்று ஒருவர்கூட வரவில்லை. தண்டனை விழுந்தது. ஏற்கனவே உள்ளே இருந்த நாட்களைக் கழித்து, மீதி மாதங்களையும் மதுரையில் கழித்தார். அந்த வருடம் அவர் புஞ்சை தரிசாகக் கிடந்தது. சீமைக்கருவேலம் கிளம்பியது.

கேஸ் போட்ட நாளிலிருந்தே ஊரில் என்னிடம் யாரும் பேசவில்லை. நரி எங்கே குட்டி போட்டிருக்கிறது, கவுதாரி எந்தப் புதரில் அடைகாக்கிறது என்று வழியில் நிறுத்திச் சொன்னவர்கள் என்னைக் கண்டால் வேறு பாதையில் போனார்கள். செத்த மயிலைக் கண்டால் சத்தம் காட்டாமல் குழி தோண்டிப் புதைத்தார்கள். எத்தனை மயில்கள் அப்படிப் போயின என்று துறைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. மயிலைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, மயிலுக்குக் காவலாக இருந்த ஊரையே பகையாக்கிவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து எனக்கு மலைப் பக்கம் மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அந்த ஒரு பக்கக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முத்திருளாண்டி வீட்டுக்குப் போனேன். அடிக்க வந்தால் அடி வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மனைவி பஞ்சவர்ணம் முறத்தில் கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார் முத்திருளாண்டி. பழைய கேலி இல்லை, கோபமும் இல்லை.

நின்றுகொண்டே காகிதத்தை முழுவதும் வாசித்தேன். "இத அப்பவே எழுதிட்டேன். கொடுக்கல. பயந்துட்டேன். என்னைய மன்னிக்கணும்" என்றேன்.

பஞ்சவர்ணம்தான் முதலில் பேசினார். "நீங்க வரப்புல நின்னு பாத்தத நான் பாத்தேன். ஓடை மேட்டுல நின்னேன். குனிஞ்சு பயிரத் தொட்டுக்கூடப் பாத்தீக. மறுநாளே பஸ்ஸு ஏறி மதுரைக்குப் போயி, ஜெயில்ல இவுககிட்டச் சொன்னேன்."

அப்படியானால் வக்கீலிடம் சொல்லி என்னை ஏன் மடக்கவில்லை, ஊரில் ஒருவரைக்கூட ஏன் சாட்சிக்குக் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

முத்திருளாண்டி கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"வக்கீலு, வெதச்சுப் பழகுன நாலு சம்சாரியக் கூட்டிட்டு வான்னுதான் சொன்னாரு. ஊர்ல வாரேன்னுதான் சொன்னாக. நாந்தான் வேணாம்னுட்டேன். கார்டு சாரே பாத்துட்டாகல்ல, அவுகளே சொல்லிருவாகன்னேன்."